ரதியின் கண்ணுக்கு மட்டும்

பன்விலயிலிருந்து கண்டிப் பக்கம் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். மேலே ஒரு வீட்டுக்கு மதில் கட்டும் வேலை முடிந்துவிட்டது. அடுத்த வேலை எங்கே என்று தெரியாது. வழியில் மண் சரிந்து பஸ்ஸும் வரவில்லை. இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் புதிதா என்ன?

முன்னால் ஒரு பெண். தோளில் பை, கையில் புத்தகம். அந்த வளைவுகளிலும் படித்தபடியே நடந்தாள்!

"பள்ளத்தப் பாத்துப் போம்மா."

"பழகுன பாதைண்ணே" என்றாள், தலை நிமிராமல்.

தேயிலைத் தோட்டத்துப் பாலர் பள்ளியில் டீச்சராம். பெயர் கவிதா என்று வைத்துக்கொள்வோம். படித்தது ஒரு காதல் நாவல். செத்துப்போன பையன் ஆவியாகத் திரும்பி வருகிறான். அவனைக் காதலித்தவளின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். கடைசியில் சேர்வார்களா, மாட்டார்களா...

கேட்கவே அலுப்பாக இருந்தது. உயிரோடு இருப்பவர்களையே சேர விடாத ஊரில் ஆவிக்கு எதற்குக் காதல்?

"நம்ம காமன் கூத்துக் கதைதானே இது?" என்றேன். மாசி மாதம் தோட்டங்களில் ஆடுவார்களே — சிவன் மன்மதனை எரித்துவிடுவார். ரதி அழுது மன்றாடி உயிரை மீட்பாள். ஆனால் அதன்பிறகு அவன் ரதிக்கு மட்டும்தான் தெரிவான்.

நின்றுவிட்டாள். புத்தகத்தை மூடினாள்.

"அந்தக் கூத்துலதாண்ணே மாட்டிக்கிட்டேன்."

இந்த வருஷம் மன்மதன் வேஷம் கட்டியவன் பிரபா. இவர்கள் பழகுவது அதுவரை யாருக்கும் தெரியாது. மன்மதன் எரியும் இடம் வந்ததும் பெண்கள் எல்லாரும் "ஐயோ மன்மதா" என்று அழுதிருக்கிறார்கள். இவள் மட்டும் "ஐயோ பிரபா!" என்று கத்திவிட்டாள். மேளக்காரர்களின் கை நின்றுவிட்டது. லயத்துக் குடியிருப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"கூத்து முடியிற வரைக்கும் அவனச் சாமின்னு கும்பிட்டாங்கண்ணே. முடிஞ்சதும் வேற சாதின்னுட்டாங்க."

பிரபா கண்டி மார்க்கெட்டில் மரக்கறிக் கடைக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான். இவளுக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. இன்று மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறான். வெளியூர் போய்ப் பதிவுத் திருமணம் செய்வதாக ஏற்பாடு.

"வரலைன்னா?"

"வீட்டுக்குத் திரும்பி, அவங்க காட்டுற ஆளுக்குக் கழுத்த நீட்டுவேன். வேற என்னத்தப் பண்ண?"

"அப்போ அந்தப் புத்தகத்தோட முடிவ இப்பவே பாத்துரும்மா."

"வேணாம்ணே. சேரலைன்னு போட்டிருந்தா, காலு தானா திரும்பிரும்."

வத்தேகமவில் பஸ் கிடைத்தது. கண்டியில் இறங்கினால் மழை. குடைகள், கண்டக்டர்களின் கூச்சல். அவரவருக்கு அவரவர் அவசரம். யாரும் யாருக்காகவும் காத்து நிற்பதாகத் தெரியவில்லை. பாவம், இவளைத் திரும்பவும் பஸ் ஏற்றிவிடத்தான் வேண்டும் என்று நினைத்தேன்.

"அந்தா நிக்கிறாண்ணே!"

"எங்கம்மா?"

ஓடிவிட்டாள். நான் எட்டிப் பார்த்தபோது குடைகள்தான் தெரிந்தன.

மறுநாள் காலை மார்க்கெட்டுக்குப் போனேன். எந்த மரக்கறிக் கடையில் ஆள் வரவில்லை என்று விசாரித்தால் போதாதா? வேலை தேடுகிறவனுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?

"மூட்டை தூக்குவீங்களா?" என்றார் கடைக்கார முஸ்லிம் நானா. "இருந்த பொடியன் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான்."

"தூக்குவேன் நானா."

முதல் முட்டைக்கோவா மூட்டை தோளில் ஏறியபோது ஓர் இளைஞன் மூச்சிரைக்க வந்து நின்றான். அவள் முகத்தை அப்படியே வாங்கி ஒட்டியதுபோல் இருந்தான்.

"பிரபா இங்கதானே வேல செஞ்சான்? என் தங்கச்சிய..." நானா கையை விரித்தார். அவன் என் பக்கம் திரும்பினான். "அண்ணே, நீங்களாவது அவனப் பாத்தீங்களா?"

"என் கண்ணுக்குத் தெரியலையே தம்பி" என்றேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, நீங்களே சாட்சி.