பன்னிரண்டு வீடுகளும் எல்லம்மாவும்

எல்லம்மா படித்தவள் அல்ல. நானும் அல்ல. ஆனால் ஹெப்பகோடிக்கு அப்பால் இருக்கும் எங்கள் கல்குவாரிக் காலனிக்கு ஒரு நல்லது வந்ததென்றால், அது அவள் வாயால் வந்தது. யார் இல்லையென்று சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தொண்ணூற்றாறாம் வருஷம். கிராமத்து ஜனங்களே கூடிப் பேசி, தங்களுக்கு என்ன வேண்டும் என்று தாங்களே முடிவு செய்கிற திட்டம் ஒன்று பக்கத்து ஊர்களில் நடந்துகொண்டிருந்தது. அந்தத் திட்டத்து ஜீப் எங்கள் பக்கம் திரும்பாது. நாங்கள் திருவண்ணாமலைப் பக்கமிருந்து மாநிலம் தாண்டிக் கல் உடைக்க வந்தவர்கள். எங்கள் குடிசைகளை ஓர் ஊர் என்று யாரும் நினைத்ததில்லை. ஒருநாள் எல்லம்மா தலையில் சும்மாட்டோடு நடு ரோட்டில் போய் நின்று ஜீப்பை மறித்தாள்.

"வழி விடும்மா" என்றான் டிரைவர்.

"விடறேன். எங்க ஊருக்கும் ரோடு இருக்குது, அதுலயும் கொஞ்சம் ஓட்டிப் பாரு."

உள்ளே இருந்த வீணா மேடம் சிரித்துக்கொண்டே இறங்கினார். அன்றைக்கே காலனிக்கு வந்தார்.

அதற்கப்புறம் சங்கம் வைத்தோம். வைத்தோம் என்ன, எல்லம்மா வைத்தாள். குடிசை குடிசையாகப் போய்ப் பெண்களை இழுத்து வருவாள். "வாடி மகாராணி, உன் குண்டானை யாரும் தூக்கிக்கினு போயிட மாட்டாங்க" என்பாள். வட்டமாக உட்காரவைத்து எல்லோரையும் பேசவைத்தவள் அவள்தான்.

ஆறு மாதம் போனது. குவாரியில் கல் சரிந்து அவள் புருஷன் முனியப்பன் செத்துப்போனான். ஒன்பதாம் நாள், ஊரைத் தரையில் படமாகப் போடுகிற நாளாக அமைந்துவிட்டது. ஆபீஸில் குறித்த தேதி, மாற்ற முடியாது. எல்லம்மா வீட்டை விட்டு வெளியே வரக்கூடாத நேரம். அவள் இல்லாமலே கூடினோம்.

மாரியம்மன் கோயில் முன்னால் பெருக்கித் தண்ணீர் தெளித்தோம். "பேனா வேணாம், பேப்பர் வேணாம். உங்க ஊரை நீங்களே தரையில போடுங்க" என்றார் வீணா மேடம். கோலம் என் கைக்கு நன்றாக வரும் என்று மாவுக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார்கள். வீட்டுக்கு ஒரு கட்டம். எத்தனை வாய் சாப்பிடுகிறதோ அத்தனை புளியங்கொட்டை. கூரை சரியில்லாத வீட்டுக்கு ஒரு காய்ந்த இலை. முப்பது வீடு போட்டேன். முப்பத்தோராவது எல்லம்மா வீடு. அங்கே என் கை நின்றது.

பதினாறாம் நாள் காரியம் முடியாத வீட்டுக்கு நாங்கள் கோலமாவு எடுப்பதில்லை. அன்றைக்கும் எடுக்க மாட்டேன், இன்றைக்கும் எடுக்க மாட்டேன்.

"அங்க என்ன, காலி இடமா?" என்று மேடம் கேட்டார்.

நல்ல காரியம் நடக்கிற இடத்தில் சாவுப் பேச்சு எதற்கென்று யாரும் வாய் திறக்கவில்லை. "அது அப்புறம் போட்டுக்கலாம் மேடம்" என்றேன். அவர் பார்த்தபடியே பெரிய காகிதத்தில் வரைந்துகொண்டார். கீழே எல்லோரும் கைநாட்டு வைத்தோம். அந்த அப்புறம் வரவேயில்லை.

அந்தப் படத்தை வைத்துக் கொட்டையும் இலையும் பார்த்து, ரொம்ப இல்லாதவர்கள் என்று பன்னிரண்டு வீடுகளை நாங்களே பொறுக்கினோம். அந்தப் பன்னிரண்டுக்கும் திட்டப் பணத்தில் செங்கல் சுவர், ஷீட் கூரை. பன்னிரண்டாவது பெயர் என் மகன் பெருமாள்சாமியுடையது.

காரியம் முடிந்து எல்லம்மா வெளியே வந்ததும் நானே போய்ச் சொன்னேன்.

"கோலமாவு எப்படிக்கா எடுப்ப? நானா இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். வா, ஆபீஸ்ல போய்ச் சொல்லிடலாம்" என்றாள்.

திட்டத்துக்குப் பெரியவர் ஸ்ரீகண்டன் சார். பொறுமையாகக் கேட்டார். "இது உங்க ஜனங்க போட்ட படம்மா. நான் ஒரு கோடு சேத்தா அது என் படம் ஆயிடும். கூட்டம் போடுங்க. எல்லாரும் ஒத்துக்கிட்டா உங்க பேரைச் சேக்கலாம். ஆனா வீடு பன்னெண்டுதான்" என்றார். அவர் பேசியதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல்.

கூட்டம் கூடியது. எல்லம்மா எழுந்து நின்றாள். "என் வீட்டுக்குள்ள படுத்தா வானம் தெரியும். இது உங்கள்ல யாருக்குத் தெரியாது?"

"ஒத்துக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் வீணா மேடம்.

அவள் பெயர் உள்ளே வந்தால் முதலாவதாக வரும். பன்னிரண்டாவது பெயர் வெளியே போகும். அதனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தூக்கியிருந்தால் முப்பது வீடும் தூக்கியிருக்கும். என் பக்கத்தில் மருமகள் நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். என் கை மடியிலேயே கிடந்தது. மாவு எடுக்காததற்கு நான் வருத்தப்படவில்லை. அது எங்கள் முறை. கை தூக்காதது எந்த முறையும் இல்லை.

எல்லம்மா வட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு மேடத்திடம் திரும்பினாள். "எழுதிக்கோங்க மேடம். ஜனங்க முடிவு பண்ணிட்டாங்க."

பன்னிரண்டு வீடும் எழும்பின. வெளியூர்க்காரர்கள் வேனில் வந்து பார்த்தார்கள். ஜனங்களே தேர்ந்தெடுத்த வீடுகளாம், கை தட்டினார்கள், எங்களுக்கு மாலை போட்டார்கள். அடுத்த ஐப்பசி மழையில் எல்லம்மாவின் மண்சுவர் உட்கார்ந்துவிட்டது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு பொம்மனஹள்ளிக்குப் போனாள். ஒரு துணி பேக்டரியில் துண்டுத் துணி கூட்டிப் பெருக்குகிற வேலை. சங்கத்தில் அப்புறம் யாரும் வட்டமாக உட்காரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து நான் போய்ப் பார்த்தேன். ஒற்றை அறை, தகரக் கதவு. டீ போட்டுக் கொடுத்தாள். மருமகளுக்கு என்ன குழந்தை என்று கேட்டாள். சூப்பர்வைசர் மூக்கைச் சுளிப்பதை நடித்துக் காட்டினாள், நானும் சிரித்தேன். அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போதுதான் கேட்டாள்.

"வீடு ஒழுகுதாக்கா?"

"இல்ல" என்றேன்.

"நல்லது" என்று டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

நான் பொய் சொல்லவில்லை. இதுவரை எந்த மழைக்கும் அது ஒழுகியதில்லை.