இருபத்தைந்தைத் தாண்டிப் போன டூல்

எங்கள் பட்டறை துடியலூர்ப் பக்கம் இருக்கிறது. பம்புக்குள் சுழலும் ஷாஃப்டுகளைக் கடைந்து கொடுக்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் பாதியோடு நின்றவன் நான். அன்றிலிருந்து லேத்துதான்; கடைசி ஆறு வருஷம் கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷின். கம்பியை மாட்டுவேன், பச்சைப் பொத்தானை அழுத்துவேன், முடிந்ததும் கழற்றுவேன். மெஷின் செய்ய வேண்டியதை எழுதித் தரும் புரோகிராமர் ஒரு பெண். டிப்ளமோ படித்தவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். கல்யாணமாகிக் கோபிசெட்டிபாளையம் போகப் போகிறார் என்றதும், அவர் நாற்காலிக்கு யார் என்ற பேச்சு வந்தது. நான் கற்றுக்கொள்கிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். ஒரு மாதம் தவணை. அதற்குள் நானே எழுதிய புரோகிராமில் ஒரு ஷாஃப்ட் சரியாக வர வேண்டும். வராவிட்டால் வெளியாள் வருவார். எனக்குப் பழையபடி பச்சைப் பொத்தான்.

மற்றதெல்லாம் எப்படியோ ஏறியது. லூப்தான் ஏறவில்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வதற்கு எதற்கு இத்தனை வகை என்று கேட்டேன். எப்போது நிறுத்துவது என்பதில்தான் வித்தியாசம் என்றார் அந்தப் பெண். வால்பாறை மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போதே கணக்குத் தெரியும், நாற்பது முடிந்தால் முடிந்தது. அது ஒரு வகை. குழாயடியில் குடம் வைக்கிறோம். நிறையவில்லை என்றால்தான் திறப்போம்; முன்பே நிறைந்திருந்தால் குழாயைத் தொடவே மாட்டோம். அது இரண்டாவது. மூன்றாவது, முதலில் செய்துவிட்டு அப்புறம் பார்ப்பது. குழம்பில் உப்பைப் போட்டுவிட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிற மாதிரி.

எனக்கு வீட்டுப் பூட்டு ஞாபகம் வந்தது. பூட்டுவேன், இழுத்துப் பார்ப்பேன், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுப்பேன். இதைப் பேச்சுவாக்கில் சொன்னபோது அவர் சிரிக்காமல் கேட்டார்.

“எப்ப நிறுத்துவீங்கண்ணா?”

“மனசுக்குத் திருப்தி ஆனதும்தானுங்க அம்மணி.”

“அது என்னைக்காவது ஆயிருக்குங்களா?”

பெரும்பாலும் பஸ் வந்துவிடும், அதனால் நின்றுவிடும்.

மாதக் கடைசியில் என் புரோகிராமை எழுதினேன். 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பி 25 ஆக வேண்டும். ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் குறைத்துக்கொண்டே வா; அளவு 25 ஆகாதவரை சுற்று. குடம் நிறைகிற வகை. திரையில் ஓட்டிப் பார்த்தேன், பதினாலு சுற்றில் 25-ல் வந்து நின்றது. பதினொரு தடவை ஓட்டினேன். பதினொரு தடவையும் நின்றது.

சோதனை நாளன்று முதலாளி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அந்த அரை மில்லிமீட்டர் திடீரென்று எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இவர் முன்னால், கம்பியை வெட்டுகிற டூல் முறிந்துபோனால்? யாருக்கும் சொல்லாமல் 0.5-ஐ அழித்து 0.3 என்று போட்டேன். திரையில் ஓட்டிப் பார்க்க, காத்து நின்ற முதலாளியின் முகம் விடவில்லை. பொத்தானை அழுத்தினேன்.

அழகாக வெட்டியது. எண்கள் இறங்கின. 25.4, 25.1, அப்புறம் 24.8. 24.5. மெஷின் 25-ஐத் தேடிக்கொண்டு கீழே போய்க்கொண்டேயிருந்தது. 25 மேலேயே தங்கிவிட்டது. சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தேன்.

முதலாளி ஷாஃப்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். “ஏப்பா, இத வெச்சு சாமியானாப் பந்தலுக்கு முளை அடிக்கலாமாட்ட இருக்குது” என்றார்.

0.3 போட்டதை அப்போதே சொல்லிவிட்டேன். ஏன் மாற்றினாய் என்று கேட்டார். பயமாக இருந்தது என்றேன். வேறென்ன சொல்வது?

புரோகிராமர் திரையைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “சுத்தமா இருபத்தஞ்சு ஆனாத்தான் நிக்கோணும்னு எழுதியிருக்கீங்கண்ணா. அது மேல கால் வெக்காமத் தாண்டிப்போட்டா, அப்பறம் எங்க நிக்கறது?”

திருத்தச் சொல்லியிருந்தால் அவரே ஒரு நிமிஷத்தில் திருத்தியிருப்பார். முதலாளி என் பக்கம் திரும்பி, “இன்னொரு கம்பி மாட்டு” என்று மட்டும் சொன்னார்.

உட்கார்ந்து எழுதினேன். 25.3-க்கு மேலே இருக்கும்வரை சுற்று. அதற்குக் கீழே வந்துவிட்டால் வெளியே வா. வந்து ஒரே வெட்டில் 25-க்குக் கொண்டு போ. இந்தத் தடவை முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் திரையில் ஓட்டினேன். பிறகு கம்பியில்.

மைக்ரோமீட்டரில் 25 காட்டியது. நான்காவது தடவை அளக்கும்போது அந்தப் பெண் கருவியை என் கையிலிருந்து வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டார். முதலாளி போகிற போக்கில், திங்கட்கிழமையிலிருந்து அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை வீட்டைப் பூட்டினேன். சுத்தமான திருப்தி வரட்டும் என்று நின்றால் நாற்காலி காத்திருக்காது. இரண்டு இழுப்பு என்று எண் வைத்துக்கொண்டேன், வால்பாறை வளைவு மாதிரி. எண்ணி இழுத்தேன், நடந்தேன். என் மனைவி பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.

“ஏனுங்க, இன்னைக்குத் திரும்பிப் போகலீங்களா?”

இல்லை என்றேன். தெருமுனையில் கால் கொஞ்சம் தயங்கியது. இப்போதும் சில நாள் இழுப்பு மூன்றாகிவிடுகிறது, மறைக்கவில்லை. ஆனால் மூன்றுக்கு மேல் போவதில்லை.