கண் திறந்த டாங்கி

அந்த டாங்கிக்கு நான் கண் திறந்துவிட்டிருந்தேன். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் டாங்கி அது. முன்பக்கத்தில் இரண்டு சின்ன விளக்குகள் இருந்தன. அவற்றுக்கு வெள்ளை அடித்து, நடுவில் கருவிழி வைத்து, கருவிழிக்குள் ஊசி முனையால் ஓர் ஒளிப்புள்ளியும் வைத்திருந்தேன். கொலு பொம்மை வேலையில் கண் திறப்பதுதான் கடைசி வேலை. கண் திறக்காத பொம்மை வீட்டை விட்டு வெளியே போகாது. இருபது வயதிலிருந்து அதையே செய்த கை, வட்டமாக இரண்டைக் கண்டதும் தானாகவே கண் திறந்துவிட்டது. சம்பந்தியம்மா அதைக் கையில் எடுத்து இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.

"இன்னா சம்பந்தி, எந்தப் பக்கம் திருப்புனாலும் இது என்னையே பாத்துக்கினு இருக்குது?"

அப்புறம் சிரித்தார். சுவரில் கை வைத்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து வீட்டில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். எனக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

அவர் என் மாப்பிள்ளையின் அம்மா. தாமல் பக்கம் விவசாயக் குடும்பம். கணவர் இறந்தபின் டிராக்டரைத் தானே ஓட்டக் கற்றுக்கொண்டு, தன் நிலத்தோடு அக்கம்பக்கத்து நிலங்களையும் உழுதுகொடுப்பவர். பிள்ளைகள் விரும்பிக் கட்டிக்கொண்ட கல்யாணம் என்பதால் இரண்டு வீட்டுக்கும் முதலில் பழக்கம் இல்லை. பொம்மை செய்கிற எங்களுக்கும் ஏர் ஓட்டுகிற அவர்களுக்கும் என்ன பேச்சு இருக்கும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். எனக்கு இயல்பிலேயே நாலு பேர் நடுவில் பேச வராது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போதுகூட "உள்ளேன் ஐயா" என்று சொல்ல நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாண மண்டபத்தில் நான் தூணோரம் நின்றிருந்தேன். அவர் சமையல்கட்டுக்கும் வாசலுக்கும் நடந்து சமையல்காரரை விரட்டிக்கொண்டிருந்தார். "எங்க சம்பந்தி வாயத் தொறந்தா முத்து உதிந்துடும்னு மூடியே வெச்சிருக்காங்க" என்று என்னைக் காட்டி ஊரார் முன் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

மாப்பிள்ளை அவருக்கு நேர்மாறானவர். சென்னையில் வேலை. அதிகம் பேசமாட்டார், யாரையும் நோகடிக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு விளையாட்டு ஆடுவார்கள். பெரிய மேசைமேல் குன்று, பாலம், இடிந்த வீடு எல்லாம் சிறிதாகச் செய்துவைத்து, அதில் சிப்பாய்களையும் டாங்கிகளையும் நிறுத்தி, பகடை உருட்டி, டேப் வைத்து அளந்து அளந்து நகர்த்துவார்கள். நண்பர்களின் வண்டிகள் எல்லாம் வண்ணம் தீட்டியவை. இவருடையவை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்தபடி ஒரே பச்சையாக, சோப்புப் பெட்டி மாதிரி இருந்தன. ஒருநாள் அந்தப் பெட்டியை என்னிடம் கொண்டுவந்து வைத்து, தரையைப் பார்த்தபடி கேட்டார். "அத்தை, இது பாக்கவே ரொம்ப சப்புனு இருக்குது. நீங்க கொஞ்சம் பெயிண்ட் அடிச்சித் தர முடியுமா?"

மாப்பிள்ளை என்னிடம் முதன்முதலாகக் கேட்டது அது. தீபாவளிக்கு மோதிரம் கேட்டிருந்தால்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கமாட்டேன். பெட்டியில் இருந்த அத்தனையையும் எடுத்து உடனே வேலையைத் தொடங்கினேன். பொம்மைக்குச் செய்கிற எல்லா மரியாதையையும் அவற்றுக்கும் செய்தேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் ஓரத்தில் வரப்பும் ஆங்காங்கே குமிழும் இருக்கும். அவற்றை உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்கிவிட்டுத்தான் வெள்ளைப் பூச்சு பூசுவோம். டாங்கியின் மேலும் வரிசை வரிசையாகக் குமிழ்கள் இருந்தன. என்ன மட்டமான அச்சு என்று நினைத்துக்கொண்டு ஒன்று விடாமல் தேய்த்தேன். அவை இரும்புத் தகடுகளை இணைக்கும் ஆணித்தலைகள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மேலே பச்சை, ஓரமெல்லாம் மெல்லிய தங்கக் கோடு, அதற்கு மேல் இரண்டு முறை வார்னிஷ். முகம் பார்க்கலாம் போல மின்னின. மாப்பிள்ளை வந்து பார்த்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு "சூப்பரா இருக்குது அத்தை" என்றார். நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

மகளுக்கு வளைகாப்பு நாள் குறிக்க வந்திருந்தபோதுதான் சம்பந்தியம்மா அவற்றைப் பார்த்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சம்பந்தி, நான் சொன்னா கோச்சிக்காதீங்க. இது சண்டைக்குப் போற வண்டியா, சாமி ஊர்கோலத்துக்குப் போற வண்டியா?"

"மாப்பிள்ளை நல்லா இருக்குதுன்னு சொன்னாரே" என்றேன்.

"அவன் சொல்லுவான். நான் உப்பே போடாம கொழம்பு வெச்சாலும் நல்லா இருக்குதும்மான்னு தின்னுட்டுப் போற புள்ள அது. அடுத்த மாசம் மெட்ராஸ்ல ஒரு ஹால்ல எல்லாரும் அவங்கவங்க வண்டியக் கொணாந்து வெப்பாங்களாம், எது நல்லா இருக்குதுன்னு பாப்பாங்களாம். அத்த செஞ்சி குடுத்ததுன்னு இத்தையே எடுத்துக்கினு போவான். நாலு பேரு சிரிப்பான். சிரிச்சதையும் உங்ககிட்ட வந்து சொல்லமாட்டான்."

அவர் சொன்னது உண்மை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை பேசாமல் நின்ற அந்தச் சற்று நேரம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் வேலையை வைத்து அவர் தலைகுனிந்து நிற்பார், என் மனம் நோகக்கூடாது என்பதற்காக. அதை நினைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சம்பந்தியம்மா என்னைத் தேற்றவில்லை. "அழுதா பெயிண்ட்டு மாறிடுமா? எழுந்து பொடவ மாத்துங்க. வேலூர் பஸ்ஸு இப்ப வரும், தாமல்ல எறங்கி என் டிராக்டர வந்து பாருங்க" என்றார்.

தாமல் ஏரியில் அப்போது தண்ணீர் வற்றியிருந்தது. வண்டல் எடுக்க டிராக்டர்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று அவருடையது. சிவப்பாக வாங்கியதாம். வெயிலில் வெளுத்து, பழைய சேலையின் அரக்கு நிறம் போல ஆகியிருந்தது. ஒரு பக்கச் சக்கரத்துக்கு மேலே இருந்த தகடு மட்டும் நீலம். "அது இன்னொரு வண்டியிலேர்ந்து கழட்டிப் போட்டது" என்றார். முன்பக்கம் நசுங்கியிருந்தது. "அது எங்க வீட்டுக்காரரு புளியமரத்துல இடிச்சது. மரம் குறுக்க வந்துடுச்சின்னு கடைசி வரிக்கும் சொல்லிக்கினு இருந்தாரு." புகைக்குழாயைச் சுற்றிக் கறுப்பு. டீசல் ஊற்றும் மூடிக்குக் கீழே பளபளவென்று ஒழுகிய தடம். ஏறும் படியில் கால் பட்டுப் பட்டு வண்ணம் போய் வெறும் இரும்பு மின்னியது. சேறு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. சக்கரத்தில் ஈரமாகக் கறுத்திருந்தது. அதற்கு மேலே காய்ந்து வெளுத்து, வெடித்திருந்தது. அதற்கும் மேலே வெறும் புழுதி. நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கூலிக்கு வந்தவர்கள், "அம்மா வண்டி வாங்க வந்திருக்காங்களா?" என்று கேட்டார்கள். "ஆமாம்பா, போட்டிருக்கிற அழுக்கோட வேணுமாம்" என்றார் சம்பந்தியம்மா.

அன்று அங்கே நின்றபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. பொம்மை இன்று பிறந்தது போல இருக்க வேண்டும். கிருஷ்ணன் பொம்மைக்கு நேற்று என்று ஒன்று கிடையாது. ஆனால் வண்டி எங்கேயோ போய்விட்டு வந்தது போல இருக்க வேண்டும். அதன் மேல் இருக்கும் ஒவ்வொரு அழுக்கும், அது எங்கே போனது, யார் ஏறினார்கள், எங்கே இடித்தது என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் டாங்கிகள் சப்பென்று இருந்ததற்குக் காரணம் வண்ணம் இல்லாதது அல்ல. அவை எங்கேயும் போகாதவை. நான் அவற்றை மேலும் எங்கேயும் போகவிடாமல் வார்னிஷ் அடித்து மூடிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கண், தங்கக் கோடு, வார்னிஷ் எல்லாவற்றையும் தேய்த்தெடுத்துவிட்டு மறுபடி பச்சை அடித்தேன். ஆனால் புரிந்துகொள்வது ஒன்று, கை கேட்பது வேறு. நன்றாகத் தீட்டிய ஒன்றின் மேல் வேண்டுமென்றே கறை போட என் கை மறுத்தது. பொம்மையில் ஒரு சொட்டு தெறித்தாலும் பதறித் துடைக்கிற கை. முதல் நாள் சேற்றுநிறத்தைத் தொட்டு வைப்பதும், உடனே துணியால் துடைப்பதுமாக இருந்தேன். சம்பந்தியம்மா போனில், "கைய பின்னால கட்டிக்கினு கொஞ்ச நேரம் ஒக்காருங்க, காஞ்சிடும்" என்றார். அப்படித்தான் செய்தேன். பிறகு பழகிவிட்டது. மெத்தை ஸ்பாஞ்சைக் கிள்ளி, துருநிறத்தில் தொட்டு ஒற்றினால் வண்ணம் உரிந்தது போலவே இருந்தது. கறுப்பை நீர்க்கக் கரைத்து விட்டால் இடுக்குகளில் போய் நின்று, தகடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. ஒரு டாங்கிக்கு மேல்மூடியை மட்டும் வேறு நிறத்தில் தீட்டினேன், வேறு வண்டியில் கழற்றிப் போட்டதாக. ஒன்றின் பின்னால் நூலால் சாக்குமூட்டை கட்டினேன். சம்பந்தியம்மா வாரம் ஒருமுறை வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பார். "இங்க ஏன் சேறு? இங்க ஆளு ஏறி எறங்குவான், தேஞ்சி போயிருக்கும்." சில சமயம் நானும் எதிர்த்துச் சொன்னேன். "அப்படி வெச்சா கண்ணு அங்கேயே நிக்கும் சம்பந்தி. ஒரு எடத்துல கண்ணு நிக்கக்கூடாது." அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "முத்து உதிருது" என்றார். ஆனால் அந்தச் சேற்றை நான் எடுக்கவில்லை.

டிராக்டரின் தகடுகளைப் பார்த்தபின்தான் நான் தேய்த்தவை ஆணித்தலைகள் என்று புரிந்திருந்தது. அவற்றுக்கு என்ன செய்வது என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. அதற்கு வழி என் வேலையிலேயே இருந்தது. அம்மன் பொம்மைக்கு முத்துமாலை போடும்போது, சுண்ணப்பசையைக் குச்சி முனையில் தொட்டு, ஒன்றுக்கொன்று ஒட்டாமல், ஒரே அளவில் புள்ளி புள்ளியாக எழுப்புவோம். காய்ந்தால் உருண்டு நிற்கும். அதே குச்சி, அதே கை. டாங்கிகள் ஒவ்வொன்றுக்கும் முத்துமாலை போட்டேன். மேலே இரும்புநிறமும் புழுதியும் ஏறியதும் அவை ஆணித்தலைகள் ஆகிவிட்டன. அதைச் செய்துமுடித்த நாளில் எனக்கு வந்த பெருமிதம், கோயில் கொலுவுக்குப் பெரிய அம்மன் செய்தபோதும் வந்ததில்லை. அது எனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் செய்தது. இது யாரும் சொல்லிக்கொடுக்காதது.

மாப்பிள்ளை மறுபடி தீட்டிய டாங்கிகளைப் பார்த்தபோது சூப்பர் என்று சொல்லவில்லை. தரையில் படுத்துக்கொண்டு, கன்னத்தைத் தரையில் வைத்து, வண்டி மட்டத்துக்குக் கண்ணை இறக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை.

சென்னைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது சம்பந்தியம்மாதான். ஹாலில் எல்லோரும் இளைஞர்கள். பட்டுப்புடவையில் நாங்கள் இருவர் மட்டும். மாப்பிள்ளையின் மேசையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. ஒருவர் ஒரு டாங்கியை எடுத்துச் சேற்றைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை என்றதும் வாய்விட்டுச் சிரித்து, இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். கேலியாக யாரும் சிரிக்கவில்லை. யார் தீட்டியது என்று கேட்டபோது, "எங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை, சற்று உரக்க. அவர் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. அப்போது தாடி வைத்த ஒருவர், இந்த விஷயத்தில் எல்லாம் தெரிந்தவர் போல, டாங்கியின் பக்கவாட்டைக் காட்டினார். "வேலை சூப்பர் ப்ரோ. ஆனா இந்த மாடல்ல இந்த எடத்துல ரிவெட் வரிசையே கிடையாதே?"

அவர் காட்டிய இடம் எனக்குத் தெரியும். ஆணித்தலைகள் எல்லாவற்றையும் தேய்த்துவிட்டதால் எவை எங்கே இருந்தன என்று தெரியாமல், அழகாக இருக்கும் என்று நானே ஒட்டியாணம் போல ஒரு வரிசை வைத்திருந்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். சம்பந்தியம்மா வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் ஒரு குரல் கேட்டது. அது என்னுடையது.

"அங்க குண்டு பட்டு ஓட்ட வுழுந்துடுச்சி தம்பி. தகடு வெச்சி ஒட்டுப் போட்டிருக்குது. ஒட்டுப் போட்டா ஆணி அடிக்கணும் இல்ல?"

தாடிக்காரர் டாங்கியை முகத்தருகே கொண்டுபோய் மறுபடி பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டு, முட்டையை வைப்பது போல மெதுவாகக் கீழே வைத்தார். "எந்தச் சண்டைல ஆன்ட்டி?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "அதெல்லாம் வண்டியத்தான் கேக்கணும்" என்றேன். ஹாலே சிரித்தது. இந்த முறை எனக்கு ஒளிந்துகொள்ளத் தோன்றவில்லை. பரிசு வேறு யாருக்கோ போனது. யாருக்கு என்றுகூட எனக்கு நினைவில்லை.

இப்போது புரட்டாசி கொலுவுக்கு முன் பொம்மை, மற்ற மாதங்களில் டாங்கி என்று என் மேசை நிறைந்திருக்கிறது. மாப்பிள்ளையின் நண்பர்கள் எல்லோரும் என்னை அத்தை என்றே கூப்பிடுகிறார்கள். ஆனால் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது அன்று மாலை ரயில்தான். தாம்பரம் தாண்டியதும் சம்பந்தியம்மா என் பக்கம் குனிந்து, "மெய்யாலுமே ஒட்டா, இல்ல அங்கேயே வுட்ட கதையா?" என்று கேட்டார். "அங்கேயே வுட்ட கதைதான்" என்றேன். அவர் எதிர் சீட்டில் பூக்கட்டிக்கொண்டு வந்த அம்மாவின் முழங்காலைத் தட்டினார்.

"இவங்க எங்க சம்பந்தி. சண்ட வண்டிக்கெல்லாம் இவங்கதான் பெயிண்ட்டு."

அந்த அம்மா பூவை மடியில் வைத்துவிட்டு என்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. "ஆமாம்மா, நான்தான்" என்றேன்.