மைமூன் சொன்ன படம்

"பிஸ்மில்லா" என்று சொல்லித்தான் மைமூன் என்டர் பொத்தானைத் தட்டுவார். தட்டியதும் திரையைப் பார்க்காமல் எழுந்துபோய் ஒரு வாளித் துணியை உலர்த்திவிட்டு வருவார். "பாத்துக்கிட்டே நின்னா அதுக்குக் கூச்சம் வந்துரும்லா." திரும்பி வரும்போது புதிய மென்பொருள் கணினியில் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். ஏறியிருந்தாலும் இல்லாவிட்டாலும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி விழும். பாஸ், ரீவர்க், ரிஜெக்ட் என்று மூன்றே தீர்ப்புகள்.

தெப்ராவில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் சர்க்யூட் பலகைகளைச் சோதித்த பழக்கம் அது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் விடவில்லை. ஒரு கண்ணாடி மூக்கில் இருக்கும், இன்னொன்று தலையை மூடிய தூடோங்கின் மேல் ஏறியிருக்கும். பிஸ்கட் டின்னில் ஏழு அளவில் திருப்புளிகள். மகள் முபீனா தூக்கிப் போடச் சொன்ன மடிக்கணினியின் உடைந்த திரையைக் கழற்றிவிட்டு, மிச்சத்தைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு பலகையில் திருகி வைத்திருக்கிறார். வீட்டில் உள்ள சினிமாப் படங்களெல்லாம் இப்போது அதற்குள் இருக்கின்றன. அங்கிருந்து ஓர் இலவச மென்பொருள் வழியாகத் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் காற்றிலேயே போகின்றன.

"விண்டோஸ்ல ஓடுது, லினக்ஸ்ல ஓடுது, மச்சான் போன்லயும் ஓடுது. காசு ஒரு சென் கேக்கல" என்று சொல்லும்போது மைமூனின் குரல் தாழ்ந்துவிடும். முதலில் அதை ஏமாற்று வேலை என்றுதான் நினைத்தார். ஒருமுறை தமிழ்ப் படப் பெயர்களெல்லாம் திரையில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தன. முபீனாவிடம் கேட்டு ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி, அந்த மென்பொருளைச் செய்தவர்களின் இணைய மன்றத்தில் போட்டார். மூன்றாம் நாள் முகம் தெரியாத ஒருவர் திருத்தி அனுப்பியிருந்தார். "எந்த நாட்டுப் பிள்ளையோ. எனக்குன்னு ஒக்காந்து செஞ்சிருக்கு. காசு வாங்காமக் குடுக்குற ஸதக்கா மாதிரிதானே இது?" அந்த வாரத் தொழுகைகளில் பெயர் தெரியாத ஒரு பிள்ளைக்கும் துஆ சேர்ந்தது.

மச்சான் என்று மைமூன் சொல்வது கணவர் யஹ்யாவை. முப்பது வருடம் சாப்பாட்டுக் கடை நடத்தியவர். மீன் தலைக் கறிக்கு அடுத்தபடியாக அவருக்குப் பிடித்தது சினிமா. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய குறுந்தட்டுகளே முந்நூறுக்கு மேல். சர்க்கரை நோய் முதலில் இடக்கண்ணைக் கொண்டுபோனது, பிறகு வலக்கண்ணை. இரண்டு வருடமாக வெளிச்சம் எது, நிழல் எது என்பது மட்டும்தான் தெரிகிறது.

ஆரம்பத்தில் மனைவியோடு உட்கார்ந்து படம் கேட்டார். பேச்சு வரும்வரை சிரமமில்லை. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இசை மட்டும் ஒலித்தால், "என்னா நடக்குது, மைமூன்?" என்பார். மைமூன் சொல்வதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். ஒரு மாதம் அப்படிக் கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்தினார். கேட்காமல் இருந்ததுதான் மைமூனைத் தைத்தது. அதன்பின் யஹ்யா கூடத்துக்கே வருவதில்லை. "நீ பாரு. எனக்கு வெறும் சத்தம்தானே."

ஒரு படத்தோடு இரண்டு ஒலித்தடங்களைச் சேர்க்கலாம் என்று மைமூன் எங்கோ படித்தார். ஐந்து மென்பொருள்களை முயன்றார். நான்கு ரிஜெக்ட், ஒன்று பாஸ். அலமாரிக் கதவைத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு நடுவே தலையை நுழைத்து, திரையில் நடப்பதையெல்லாம் கைப்பேசியில் சொல்லிப் பதிவு செய்தார். எதிர்வீட்டு நாய் குரைத்த இடங்களை வெட்டி எறிந்தார். இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

யஹ்யாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தார். முதல் அரை மணி நேரம் அவர் அசையவில்லை. பிறகு கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"பந்து வெளாட்டுக்கு ரேடியோவுல கத்துற மாதிரி இருக்கு. அவ அழுவுறான்னு நீ ஏன் சொல்ற? அழுவுற சத்தம் எனக்குக் கேக்காதா? கண்ணோட சேத்து காதும் போச்சுன்னு நெனச்சிட்டியா?"

சுவரைத் தடவிக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். மைமூன் ரிமோட்டை வைத்துவிட்டு நோட்டை எடுத்தார். அன்றைய வரி நோட்டில் இப்படி இருக்கிறது: 'ரிஜெக்ட். சாமான் நல்லாத்தான் இருக்கு. தப்பு ஆப்பரேட்டர் மேல.'

மறுநாள் காலை முபீனா சிங்கப்பூரிலிருந்து காணொளியில் அழைத்தபோது, தாயார் கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"அலமாக்! உம்மா, என்னா செய்றீங்க?"

"படம் பாக்குறேன்."

"கண்ணக் கட்டிக்கிட்டா?"

"எங்கெல்லாம் வழி தெரியாம நிக்கிறேன்னு பாக்குறேன். அப்புறம் பேசும்மா, கத போயிரும்."

வழி தெரியாமல் நின்ற இடங்கள் நாற்பத்து மூன்று. முதல் பதிவில் அவர் வாய் திறந்த இடங்களோ அறுநூறுக்குக் குறையாது. நாற்பத்து மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்தார். வாக்கியங்களைச் சுருக்கினார். கதாநாயகி அழும் இடத்தில் வாயே திறக்கவில்லை. இரண்டாம் பதிவு மூன்று நாளில் முடிந்தது.

யஹ்யாவை இந்த முறை மைமூன் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மாலை அசர் தொழுகை முடிந்து யஹ்யா அறையை விட்டு வெளியே வந்த நேரம். மைமூன் ரிமோட்டில் பத்து விநாடி பின்னால் போகும் பொத்தான்மேல் ஓர் அரிசியை ஒட்டி, அவர் கையில் கொடுத்தார். "ஏதாச்சும் வெளங்கலன்னா இத அமுக்குங்க, மச்சான். புடிக்கலன்னா மொத்தமா நிறுத்திருங்க" என்று சொல்லிப் படத்தை ஓடவிட்டு, சமையலறைக்குப் போய் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தார்.

கூடத்தில் படம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் போனபின் ஒருமுறை யஹ்யா சிரித்தார். கதாநாயகனின் நண்பன் சத்தமில்லாமல் வழுக்கி விழும் இடம் அது. மைமூன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் எப்போதோ நறுக்கி முடிந்திருந்தது.

பிறகு ரயில் நிலையக் காட்சி வந்தது. ஒரு நிமிடம் யாரும் பேசாத காட்சி. ரயிலின் இரைச்சலுக்கு மேல் மைமூன் பதிவு செய்த குரலே கேட்டது.

"எறங்கிட்டா. அவளக் கூப்பிட யாரும் வரல. மஞ்சச் சேல. நம்ம கல்யாணம் முடிஞ்சி மெர்சிங் கடலுக்குப் போனோமே மச்சான், அன்னிக்கி நான் கட்டுன அதே மஞ்ச."

மைமூன் கையை உதறிக்கொண்டு எழுந்தார். அந்தக் கடைசி வாக்கியம் அலமாரிக்குள் நின்றபோது தன்னையறியாமல் வாயில் வந்தது. வெட்ட வேண்டும் என்று குறித்தும் வைத்திருந்தார். எப்படியோ தப்பியிருக்கிறது. யஹ்யா மறுபடியும் ரேடியோ என்பார், ரிமோட்டை வீசிவிட்டு அறைக்குப் போவார்.

ரயில் இரைச்சல் சட்டென்று நின்றது. பிறகு முதலிலிருந்து கேட்டது. "எறங்கிட்டா. அவளக் கூப்பிட யாரும் வரல. மஞ்சச் சேல..."

மைமூன் சமையலறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். யஹ்யா தலையைச் சற்றே சாய்த்து உட்கார்ந்திருந்தார். கடல் என்ற சொல் வந்து போனது, மஞ்சள் வந்து போனது. ரயில் நகரத் தொடங்கியபோது, அவருடைய கட்டைவிரல் இரண்டாம் முறையாக அந்த அரிசியைத் தடவித் தேடிக்கொண்டிருந்தது.