பெரிய கேன்டீனும் பாய்லர் அறையும்

எதிர்த்தரப்பு வக்கீல் பழைய தீர்ப்பு ஒன்றைத் தூக்கிக் காட்டினார். ஒரே இனத்தவர் தாங்களாகவே ஒன்றுகூடினால் அது முதலாளி செய்த பிரிவினை ஆகாது என்றது அது. 

மலேசியாவிலிருந்து படிக்க வந்து, லண்டனிலேயே வக்கீலாகத் தங்கிவிட்டவள் நான். இது இரண்டாயிரத்துக்குப் பிறகு தொழில் தீர்ப்பாயத்தில் நடந்த வழக்கு. என் கட்சிக்காரர் பேரின்பம் அண்ணை, லண்டனின் மோர்டன் பகுதியில் குடியிருந்த யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வேலை செய்த ரொட்டித் தொழிற்சாலையில் தமிழர்கள் எல்லாரும் பாய்லர் அறையில்தான் சாப்பிடுவார்கள். ஒரு நாள் அவர் பெரிய கேன்டீனில் போய் உட்கார்ந்தார். மேனேஜர் எழுப்பி அனுப்பினார். புகார் கொடுத்தார், வேலை போயிற்று.

தீர்ப்புகள் மாறும் என்று அவருக்குத் தைரியம் சொல்லியிருந்தேன். கறுப்பர்களைத் தனியாக வைத்தாலும் சமமாக வைத்தால் தப்பில்லை என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றமே, அரை நூற்றாண்டு கழித்து அது தப்பு என்றது. இனம் பார்த்துப் பிரித்து வைப்பதே பாகுபாடு என்று இங்கிலாந்துச் சட்டத்தில் எழுதியே இருந்தது. ஆனால் தாமாகப் பிரிந்தால்?

அந்தப் பாய்லர் அறை உங்களுக்குப் பிடித்திருந்ததா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"ஓம், பிடிச்சுத்தான் இருந்தது" என்றார் அண்ணை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் தலையில் கை வைக்காத குறை.

தீர்ப்பாயத்துக்குத் தலைமை வகித்த அம்மையார் மட்டும், ஏன் பிடித்தது என்று கேட்டார். அண்ணை பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அவருக்காகச் சாட்சி சொல்ல வந்த சக தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். "ஊரில எவடம்?" என்று அவர்கள் கேட்பது சாதியை அறியத்தான். அப்போதெல்லாம் பட்டணத்துப் பெயரைச் சொல்லி நழுவிவந்தவர் அவர்.

"ஊரில எங்கட ஆக்களைக் கோயிலுக்குள்ள விடமாட்டினம். வெளியில நிண்டுதான் கும்பிட்டனாங்கள். ஆரும் கேட்டா, இதுதான் வசதி எண்டு சொல்லுவம். வேற என்னத்தைச் சொல்லுறது?"

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

வென்றோம். கதவு திறந்திருந்தால்தான் அது விருப்பம். உள்ளே வந்தவரைத் திருப்பி அனுப்பியவர்களுக்குப் பழைய தீர்ப்பு உதவாது என்று தீர்ப்பில் எழுதினார்கள். வேலையும் திரும்பக் கிடைத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சில வாரம் கழித்துப் போன் செய்து, இப்போது பெரிய கேன்டீனில்தானே சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஓம் தங்கச்சி, எல்லாரும் அங்கதான். நான் போய் இருந்தா, எங்கட தமிழ் ஆக்கள் எழும்பி மற்ற மேசைக்குப் போகினம்."

இன்னொரு வழக்குப் போடுவோம் என்று வாய் வரை வந்தது. சாதி என்ற சொல்லே அந்தச் சட்டத்தில் இல்லை. போனை வைத்துவிட்டு அழுதேன்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தீர்ப்பு வந்ததும் கோப்பை மூடிவிடாதீர்கள். கட்சிக்காரர் மறுநாள் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று கேளுங்கள்.