டாக்டர் தலையில் கொம்பு

நம் சால் வரிசைவீடுகளில் குடியிருக்கும் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று சாயங்காலம் என் வலது கை சினிமாவில் நடித்தது.

மைதானத்தில் திரை கட்டி சர்க்கார் சுகாதாரப் படம் காட்டினார்கள். "காய்ச்சலா? உடனே டாக்டரிடம் போங்கள்" என்றது படம்.

போன வாரம் போனாளே என் தங்கை செல்லம்! "கம்பெனி சீட்டு இல்லையா? மருந்தும் இல்லை" என்று அவளை விரட்டிய அதே டாக்டர், இன்று மாலையும் கழுத்துமாகத் திரைக்கு முன்னால் பேச எழுந்தார்.

விடுவேனா? படம் காட்டும் மெஷின் வெளிச்சத்தில் இரண்டு விரலை நீட்டினேன். அவர் தலையில் கொம்பு முளைத்தது. மைதானமே சிரித்தது.

"எவன்டா அது?" என்று கத்தினார்.

சரி, ஒத்துக்கொள்கிறேன். எவனும் இல்லை.

என் கை நடுங்கியதைப் பார்த்து, "எண்ணே, காய்ச்சல் எனக்கா, ஒனக்கா? தள்ளு" என்று விரலை நீட்டியவள் செல்லம்தான்.

நோட்டீஸ் மட்டும் என்னுது.