வெயில் பட்ட பால்

மனையியல் டீச்சர் கிரேஸ் பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து ரத்னாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ‘வெயிலில் நடந்து வந்த தாய் குழந்தைக்கு எப்போது பால் கொடுக்கலாம்?’ ஐந்து மார்க் கேள்வி. குளித்து, உடம்பு ஆறி, சூட்டுப் பாலைப் பீச்சி விட்ட பிறகு என்று எழுதியிருந்தாள். முட்டை. அவளுக்கு மட்டுமா? பொன்னேரிப் பள்ளிக்கூடத்து ஒன்பதாம் வகுப்பே அப்படித்தான் எழுதி வைத்திருந்தது. “வந்ததும் கொடுக்கலாம். தாய்ப்பால் வெயிலில் கெடாது” என்றார் டீச்சர். கல்யாணமே ஆகாதவங்களுக்கு இன்னா தெரியும் என்று கடைசி பெஞ்சு பொருமியது.

ரத்னாவால் பொரும முடியவில்லை. அவள் அண்ணி செங்கம்மாள் பழவேற்காட்டு மீனை மீஞ்சூரில் விற்றுவிட்டு உச்சி வெயிலில்தான் திரும்புவாள். ரவிக்கை நனைந்திருக்கும். ரத்னாவின் அம்மா வைத்த சட்டப்படி வேலியோரம் பாலைப் பீச்சி விட்டுக் குளிக்கப் போவாள். அதுவரை நாலு மாதப் பெண்குழந்தை கஞ்சித் தண்ணீரைத் துப்பிவிட்டுக் கத்தும். மூத்த பையன் இதே வீட்டில் நோஞ்சானாகி ஐந்தாம் மாதம் போய்விட்டான். இதுவும் அவனைப் போலவே இளைத்துக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா முத்தம்மாள் கருவாடு காயப்போடக் கரைக்குப் போயிருந்தாள். அண்ணி கூடையை இறக்கியதுமே ரத்னா குழந்தையை அவள் மடியில் போட்டாள்.

“இன்னா ரத்னா இது? வெயில்ல வந்துகீறேன், பாலு கொதிக்கும். கொழந்தைக்கு ஆவுமா?”

“ஒண்ணும் ஆவாது அண்ணி. டீச்சர் சொன்னாங்க. எதுனா ஆச்சுன்னா என்னை வெட்டிப் போடு.”

பெரிய வார்த்தை பேசிவிட்டாள். குழந்தை மடக்மடக்கென்று குடித்து முடித்த பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. நெற்றியைத் தொட்டாள். வயிற்றை அமுக்கினாள். அம்மா வருகிறாளா என்று வாசலுக்கு ஓடினாள்; திரும்பி வந்து மறுபடி தொட்டாள்.

“சும்மா குந்து, பேஜாரு பண்ணாத” என்றாள் அண்ணி. அவள் கையும் குழந்தை மேல்தான் இருந்தது.

பொழுது சாய்ந்தது. குழந்தைக்கு வயிற்றால் போகவில்லை, உடம்பும் சுடவில்லை. நிம்மதியாகத் தூங்கி எழுந்து, காலை உதைத்துச் சிரித்தது.

“பாத்தியா அண்ணி!” ரத்னா துள்ளினாள்.

செங்கம்மாள் சிரிக்கவில்லை. வேலியோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ மூத்தவனுக்கு... நான் தெனமும் மண்ணுல பீச்சி உட்டதெல்லாம் நல்ல பாலா ரத்னா?”

குழந்தைக்கு லேசாகவாவது சுட்டிருந்தால் தேவலை என்று ரத்னாவுக்குத் தோன்றியது. மறுபடி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை.